எடைக் கருவி காட்டாத நோய்: மெலிந்த உடலும் வளர்சிதை மாற்றக் கோளாறும் சாதியும்

குழந்தைகளின் உடல் எடை குறித்து இந்நாட்டில் இரு வேறு உரையாடல்கள், ஒன்றையொன்று அறியாதவை போல, நடந்துவருகின்றன. ஒன்று அங்கன்வாடியிலும் சத்துணவுக் கூடத்திலும் நிகழ்வது. அதன் சொற்கள் மெலிவு, இரத்தசோகை, வளர்ச்சிக் குன்றல். மற்றொன்று நாளிதழ்களின் இணைப்பிதழ்களிலும் தனியார் மருத்துவமனைகளின் விளம்பரங்களிலும் நிகழ்வது. அதன் சொற்கள் உடற்பருமன், துரித உணவு, கைப்பேசித் திரை. முதலாவது ஏழைகளைப் பற்றியது என்றும் இரண்டாவது வசதி படைத்தோரைப் பற்றியது என்றும் பொதுப்புத்தி பிரித்து வைத்திருக்கிறது. சேரியில் பிறந்த மெலிந்த பிள்ளைக்குச் சர்க்கரை நோய் பற்றிய கவலை எதற்கு என்ற கேள்வி இயல்பானதாகத் தோன்றுவது இப்பிரிவினையால்தான். அறிவியல் சான்றுகள் இப்பிரிவினையை ஏற்கவில்லை. மெலிவும் நீரிழிவும் ஒரே பற்றாக்குறையின் இரு பருவங்களாக இருக்கக்கூடும் என்பதையும், அப்பற்றாக்குறையைப் பங்கிட்டுக் கொடுப்பதில் சாதிக்குரிய இடத்தையும் இங்கே தொகுத்து வைக்கிறோம்.

முதலில் உலகளாவிய நிலை. 5 முதல் 19 வயதுக்குட்பட்டோரில் எடை குறைந்தவர்களைவிட உடற்பருமன் உடையவர்களின் விகிதம் முதன்முறையாக மிகுந்துவிட்டது என்று யுனிசெஃப் 2025 செப்டம்பரில் அறிவித்தது. முன்னவர் 9.2 விழுக்காடு, பின்னவர் 9.4 விழுக்காடு. இந்தியா இப்போக்கில் விசித்திரமான இடத்தில் நிற்கிறது. 2024-இல் லான்செட் இதழில் வெளியான மதிப்பீட்டின்படி, 1990-இல் ஏறத்தாழ 4 இலட்சமாக இருந்த இந்தியப் பருமன் சிறார்களின் எண்ணிக்கை 2022-இல் 1.25 கோடியாயிற்று. அதே ஆண்டில் இந்தியச் சிறார்களில் ஐந்தில் ஒருவர் மெலிந்தவராகவே இருந்தார். ஒன்று தேய்ந்து மற்றொன்று வளரவில்லை. இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

குறியீட்டெண் சொல்வதும் சொல்லாததும்

எடையைக் கிலோகிராமில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தின் இருமடியால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறை குறியீட்டெண். பெரியவர்களுக்கு ஒரே வரம்பு போதும். வளரும் பிள்ளைகளுக்கு அவ்வாறு இயலாது. 7 வயதில் இயல்பான எண் 15 வயதில் மெலிவைக் குறிக்கும். ஆகவே உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட வயது, பாலின வாரியான அட்டவணையோடு ஒப்பிட்டே ஒரு பிள்ளை மெலிந்ததா, பருத்ததா என்று முடிவு செய்கிறார்கள்.

இந்த எண்ணுக்கு ஒரு பெருங்குறை உண்டு. அது எடையைக் காட்டும். அந்த எடை தசையா கொழுப்பா என்று காட்டாது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் இலண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யூட்கினும் 2004-இல் தங்கள் இருவரையே சான்றாக நிறுத்தி இதனை விளக்கினர். இருவரின் குறியீட்டெண்ணும் 22.3. யூட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடு. எடைக் கருவிக்கு இவ்விருவரும் ஒருவரே.

வளர்ச்சி குன்றிய பிள்ளையிடம் இக்கருவி இன்னும் மோசமாகத் தவறுகிறது. உயரம் குறைந்தால் வகுக்கும் எண்ணும் குறையும். குறியீட்டெண் தானே உயர்ந்து ‘இயல்பு’ என்ற கட்டத்துக்குள் வந்துவிடும். உயரமும் எடையும் ஒருசேரக் குன்றிய பிள்ளையை அட்டவணை நலமாக இருக்கிறது என்று எழுதிக்கொள்ளும்.

மத்திய சுகாதார அமைச்சகமும் யுனிசெஃபும் 2016–18-இல் நடத்திய விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு, குழந்தைகளின் இரத்த மாதிரியையும் எடுத்து ஆராய்ந்தது. எடைக் கணக்கின்படி 5–9 வயதினரில் 4 விழுக்காட்டினரும் 10–19 வயதினரில் 5 விழுக்காட்டினருமே மிகை எடை உடையவர்கள். மெலிந்தவர்களோ இரு பிரிவிலும் ஏறத்தாழ நான்கில் ஒருவர். இவ்வெண்களை மட்டும் பார்ப்பவர், நமது சிக்கல் பசி மட்டுமே என்று முடிவு செய்வார். இரத்தம் வேறு கதை சொல்லிற்று. 5–9 வயதினரில் 34 விழுக்காட்டினருக்கும் 10–19 வயதினரில் 16 விழுக்காட்டினருக்கும் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு மிகுந்திருந்தது. நான்கில் ஒருவருக்கும் மேற்பட்டோரிடம் நல்ல கொழுப்பு குறைந்திருந்தது. பத்தில் ஒருவர் நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்தார். மிகை எடையுள்ள 4, 5 விழுக்காட்டினரைக் கொண்டு மட்டும் இக்கணக்கை நிரப்ப முடியாது. அதே தரவுகளை மறுஆய்வு செய்த மருத்துவர்கள், மெலிந்த அல்லது வளர்ச்சி குன்றிய பிள்ளைகளிலும் ஏறத்தாழ பாதிப் பேரிடம் குறைந்தது ஒரு வளர்சிதை மாற்றக் கோளாறின் அறிகுறியேனும் இருப்பதைச் சுட்டிக்காட்டினர்.

கருவிலிருந்து வரும் கடன்

இது எவ்வாறு நேர்கிறது? எண்பதுகளின் இறுதியில் பிரிட்டனின் நோய்ப்பரவலியல் அறிஞர் டேவிட் பார்க்கர், பழைய பிறப்புப் பதிவேடுகளைப் புரட்டி, குறைந்த எடையுடன் பிறந்தவர்கள் நடுவயதில் இதய நோயால் அதிகம் இறப்பதைக் கண்டறிந்தார். கருவில் உணவு போதாதபோது உடல் ஒரு தேர்வைச் செய்கிறது. மூளையைக் காக்கிறது, தசை, சிறுநீரகம், இன்சுலினைச் சுரக்கும் கணைய அணுக்கள் ஆகியவற்றின் பங்கைக் குறைக்கிறது. உண்ட மாவுச்சத்தைச் சர்க்கரையாக வாங்கிச் சேமிக்கும் பெருங்கிடங்கு தசைதான். கிடங்கு சிறிது, கணையத்தின் திறனும் குறைவு என்ற நிலையில் வளரும் உடல், பிற்காலத்தில் சற்றே எடை கூடினாலும் தடுமாறுகிறது.

புனே அருகிலுள்ள கிராமங்களில் யாஜ்னிக் குழுவினர் தொண்ணூறுகளில் தொடங்கிய தாய்–சேய் ஆய்வு இதனை நம் மண்ணில் காட்டியது. அங்கு பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, ஒப்பிடப்பட்ட இங்கிலாந்துக் குழந்தைகளின் எடை 3.5 கிலோ. இந்தியக் குழந்தைகளிடம் தசையும் உள்ளுறுப்புகளும் பெரிதும் குறைந்திருந்தன. தோலடிக் கொழுப்போ அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்த தோற்றத்துக்குள் கொழுப்பைப் பேணும் இவ்வுடலை அவர் மெலிந்த–கொழுத்த குழந்தை என்றே அழைத்தார்.

டெல்லியில் பிறந்த 1,492 பேரை 26–32 வயதில் பரிசோதித்து 2004-இல் வெளியான ஆய்வு அடுத்த கட்டத்தைக் காட்டுகிறது. அவர்களில் 10.8 விழுக்காட்டினருக்குச் சர்க்கரையைக் கையாளும் திறன் குன்றியிருந்தது, 4.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவே வந்துவிட்டது. இவர்கள் இரண்டு வயதுவரை மெலிந்திருந்து, பின்னர் மற்றவர்களைவிட விரைவாக எடை கூடியவர்கள். கவனிக்க: 12 வயதில் இவர்களில் எவரும் பருமன் என்னும் வரையறைக்குள் வரவில்லை. எந்தப் பள்ளி மருத்துவ முகாமும் இவர்களைத் தனியே அழைத்து உட்கார வைத்திருக்காது.

இங்கே இரண்டு தவறான வாசிப்புகளுக்கு எதிராக எச்சரிக்க விரும்புகிறோம். ஒன்று, இதனை ‘இந்திய மரபணு’ என்று சொல்லிக் கடந்துபோவது. மரபணுவுக்குப் பங்கு உண்டு. ஆயினும் தலைமுறை தலைமுறையாகக் கூலியையும் நிலத்தையும் நீரையும் மறுத்தவர்களின் பொறுப்பை மரபணுவின் மேல் ஏற்றிவிடுவது வசதியான அறிவியல். மற்றொன்று, தாயைக் குற்றவாளியாக்குவது. நிறைமாதத்திலும் நாற்று நடவுக்குக் குனிகிற, வீட்டில் எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்கிற, தானே எடை குறைந்து பிறந்த ஒரு பெண்ணிடம் ‘ஊட்டச்சத்து விழிப்புணர்வு’ இல்லை என்று சொல்வதற்குப் பெயர் மருத்துவம் அன்று.

கருவிலும் முதல் இரண்டு ஆண்டுகளிலும் நேரும் பற்றாக்குறை யாருக்கு நேர்கிறது என்பதற்கு அரசின் எண்களே போதும். ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019–21) ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் வளர்ச்சி குன்றியவர்கள் 35.5 விழுக்காடு. பட்டியல் சாதியினரில் இது சுமார் 39, பழங்குடியினரில் சுமார் 41. பட்டியலினத்தவரோ பிற்படுத்தப்பட்டோரோ அல்லாத பிறரில் சுமார் 30. இவ்விடைவெளி வறுமையால் மட்டும் வருவதன்று. அஸ்வினி தேஷ்பாண்டேயும் ராஜேஷ் ராமச்சந்திரனும் மேற்கொண்ட ஆய்வில், தீண்டாமையைக் கடைப்பிடிப்பதாக ஒப்புக்கொள்ளும் குடும்பங்கள் மிகுந்த பகுதிகளில் தலித், பழங்குடிக் குழந்தைகளின் உயரம் கூடுதலாகக் குறைந்திருந்தது. தீண்டாமை எலும்பின் நீளத்தில் பதிகிறது என்பது உருவகமாகச் சொல்லப்பட்டதன்று, அளவுகோலால் அளக்கப்பட்டது.

வேலூரிலிருந்து உலகுக்குச் சென்ற ஒரு வகை

இக்கட்டுரையில் வாசகர்கள் மறக்கக் கூடாத ஒரு செய்தி உண்டென்றால் அது இப்பகுதியில் இருக்கிறது. நீரிழிவில் முதல் வகையையும் இரண்டாம் வகையையும் பலரும் அறிவர். முதல் வகையில் உடலின் எதிர்ப்பாற்றலே கணைய அணுக்களை அழிக்கிறது. இரண்டாம் வகையில், இன்சுலின் இருந்தும் உடல் அதற்கு உரியவாறு இசைவதில்லை. இவ்விரண்டிலும் அடங்காத ஒரு நீரிழிவை மருத்துவர்கள் 1955-இலேயே ஜமைக்காவில் குறித்து வைத்தனர். மெலிந்த, ஏழை இளைஞர்களுக்கு வருவது அது. 1985-இல் உலக சுகாதார நிறுவனம் ஊட்டக்குறை சார்ந்த நீரிழிவு என்று அதற்குத் தனி இடம் தந்தது. போதிய சான்று இல்லையென்று 1999-இல் அந்த இடத்தை நீக்கியும்விட்டது. ஏழைகளின் நோய் ஏட்டிலிருந்து அழிந்தது. ஏழைகளின் உடலிலிருந்து அழியவில்லை.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் நிஹால் தாமஸ் உள்ளிட்டோரும், நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரியின் மெரடித் ஹாக்கின்ஸும் இணைந்து, குறியீட்டெண் 19-க்கும் குறைந்த இளைஞர்களிடம் நுட்பமான சோதனைகள் செய்து 2022-இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களின் கணையம் மிகக் குறைவாகவே இன்சுலினைச் சுரந்தது. இரண்டாம் வகையில் காணப்படும் இசைவின்மையும் அவர்களிடம் இல்லை. 2025 ஏப்ரலில் பாங்காக்கில் கூடிய பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு இதனை ‘ஐந்தாம் வகை நீரிழிவு’ என்று ஏற்றது. உலகெங்கும் 2 முதல் 2.5 கோடிப் பேருக்கு இது இருக்கலாம் என்பது மதிப்பீடு. எல்லா அறிஞர்களும் இதனைத் தனி வகையாக இன்னும் ஒப்பவில்லை, விவாதம் தொடர்கிறது.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். உயிரே இருக்கிறது. மெலிந்த பதின்பருவத்தினருக்குச் சர்க்கரை மிகுந்திருந்தால் மருத்துவர் அதனை முதல் வகை என்று கருதி முழு அளவு இன்சுலின் எழுதிவிடக்கூடும். அடுத்த வேளை உணவு உறுதியில்லாத வீட்டில் அந்த அளவு இன்சுலின், சர்க்கரையைத் திடீரெனத் தாழ்த்தி மயக்கத்தையும் மரணத்தையும் கொண்டுவரும். ‘நேரத்துக்குச் சாப்பிடுங்கள்’ என்ற அறிவுரை, கூலி வந்தால்தான் உலை என்ற வீட்டில் எப்பொருளும் தராது. மெலிந்த பிள்ளைக்கு அடிக்கடி தாகம், இரவில் பலமுறை சிறுநீர், காரணமின்றி எடைக் குறைவு ஆகியவை தெரிந்தால் ‘ஒல்லிப் பிள்ளைக்குச் சர்க்கரை வராது’ என்று காத்திருக்கக் கூடாது. உடனே இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

தட்டில் இருப்பது

மிகை எடை இன்றும் வசதியான, நகர்ப்புற வீடுகளில்தான் அதிகம். இதனை மறைப்பது நமக்கு உதவாது. ஆனால் அமெரிக்காவிலும் பிரேசிலிலும் பருமன் காலப்போக்கில் மேலிருந்து கீழிறங்கி ஏழைகளின் நோயாயிற்று. வெறும் மாவுச்சத்தும் மலிவான எண்ணெயும் எளிதிற் கிடைத்து, பருப்பும் முட்டையும் பழமும் எட்டாமற்போகும் இடத்தில் அவ்விறக்கம் நிகழ்கிறது. நம் நிலையை ஒரு சிறு கணக்கால் பார்க்கலாம்.

தமிழ்நாட்டு நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. பசியை விரட்டியதில் அதன் பங்கை நாம் குறைத்துப் பேசமாட்டோம். சலுகை விலையில் கிடைக்கும் துவரம் பருப்பு அட்டைக்கு மாதம் 1 கிலோ. நால்வர் உள்ள குடும்பத்தில் அது ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் உணவு வழிகாட்டுதல், பருப்பு, முட்டை, இறைச்சி ஆகியவை சேர்ந்து நாளொன்றுக்கு 85 கிராம் வேண்டும் என்கிறது. மொத்த ஆற்றலில் தானியத்தின் பங்கு 45 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பதும் அதே வழிகாட்டுதல்தான். எஞ்சிய 77 கிராமை வெளிச்சந்தையில் வாங்க முடியாத வீட்டில் அந்த இடத்தைச் சோறே நிரப்புகிறது. தசை சிறுத்த உடலுக்கு, சர்க்கரையாக மாறும் மாவுச்சத்து மேலும் மேலும்.

விடுதிகளுக்கு வருவோம். இக்கட்டுரையை வாசிக்கும் மாணவர்களில் பலர் அங்கே உண்டு வளர்ந்தவர்கள். ஆதிதிராவிடர் நல விடுதிகள் உள்ளிட்ட அரசு விடுதிகளில் உணவுக் கட்டணம் 2023-இல் உயர்த்தப்பட்டது. பள்ளி மாணவருக்கு மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,400. கல்லூரி மாணவருக்கு 1,100-இலிருந்து 1,500. உயர்ந்த பின்னும் பள்ளி மாணவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 47 ரூபாய். மூன்று வேளை. பதின்பருவம் என்பது குழவிப் பருவத்துக்குப் பிறகு உடல் மிக வேகமாக வளரும் காலம். இழந்த உயரத்தில் ஒரு பகுதியையேனும் மீட்க வாய்ப்புள்ள கடைசிக் காலமும் அதுவே. அந்த ஆண்டுகளை 47 ரூபாயில் கழிக்கச் சொல்கிறோம். விடுதிகளுக்குச் ‘சமூகநீதி விடுதி’ என்று 2025-இல் பெயர் மாற்றப்பட்டதை வரவேற்கிறோம். பருப்பின் அளவும் பெயரோடு சேர்ந்து மாறியிருந்தால் மகிழ்ச்சி கூடியிருக்கும்.

பொதுச் சமையலறையின் வரலாறு இதற்கு நேர்மாறான சான்றையும் தருகிறது. 1920-இல் நீதிக்கட்சி நிர்வாகத்தில் சென்னை ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கி, காமராசரின் மதிய உணவு, 1982-இன் சத்துணவு, பள்ளி நாள்தோறும் முட்டை, 2022-இன் காலை உணவு என விரிந்த வரலாறு அது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் வளர்ச்சிக் குன்றல் தமிழ்நாட்டில் 25 விழுக்காடாக, நாட்டின் சராசரியைவிடக் குறைந்திருப்பதில் இத்தகைய பொது ஏற்பாடுகளுக்குப் பங்குண்டு என்றே கருதுகிறோம். காலை உணவிலோ உப்புமா, கிச்சடி, பொங்கல் என மாவுச்சத்தே முன்னிற்கிறது. அங்கும் ஒரு முட்டையோ சுண்டலோ கட்டாயமாக வேண்டும்.

முட்டை என்றதும் சாதி எழுந்து நிற்கும். 2015-இல் மத்தியப் பிரதேசத்தில் அங்கன்வாடிகளில் முட்டை வழங்கும் முன்மொழிவை அன்றைய முதலமைச்சர் சிவராஜ் சிங் சௌகான் ஏற்க மறுத்தார். 2021-இல் கர்நாடகத்தில் பள்ளிகளில் முட்டை தரப்பட்டபோது மடாதிபதிகள் சிலர் எதிர்த்தனர். வேண்டாம் என்பவர்களுக்கு வாழைப்பழம் தரப்பட்டது, எதிர்ப்பு அடங்கவில்லை. தன் பிள்ளை உண்ணாமலிருப்பதற்கான உரிமை அன்று அவர்கள் கேட்டது. அடுத்தவர் பிள்ளை உண்பதைத் தடுக்கும் உரிமை. இதில் வளர்சிதை மாற்றத்துக்கு நேரடித் தொடர்பு உண்டு. பி12 உயிர்ச்சத்து இயற்கையாகக் கிடைப்பது முட்டை, பால், மீன், இறைச்சி ஆகியவற்றில்தான். மேற்சொன்ன தேசிய ஆய்வில் வளரிளம் பருவத்தினரில் 31 விழுக்காட்டினருக்கு அச்சத்து குறைந்திருந்தது. புனே ஆய்வில், பி12 குறைந்தும் ஃபோலேட் மிகுந்தும் இருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு 6 வயதிலேயே இன்சுலினுக்கு இசையாமை மிகுந்திருந்தது. மாட்டிறைச்சியைக் குற்றமாக்கும் சட்டங்கள் மலிவான புரதத்தையும் இரும்புச்சத்தையும் பி12-ஐயும் எந்தத் தட்டிலிருந்து எடுக்கின்றன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தட்டுக்கு முன்னரே சமையலறையில் தீண்டாமை நிற்கிறது. சத்துணவு சமைக்கும் பணியில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரல் 20-இல் ஆணையிட்டது. சுகதேவ் தோரட்டும் ஜோயல் லீயும் ஐந்து மாநிலங்களின் 531 கிராமங்களில் கிடைத்த தரவுகளைக் கொண்டு, சமையலர் நியமனத்தை எதிர்ப்பது, உணவு வழங்கும் இடத்தை ஊருக்குள் வைத்துச் சேரிப் பிள்ளைகளைத் தயங்கவைப்பது என அத்திட்டத்தில் நிலவிய விலக்கல்களைப் பதிவு செய்தனர். தமிழ்நாடும் அவ்வைந்தில் ஒன்று. 2018-இல் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு தலித் சமையலர் சாதி இந்துக்களின் எதிர்ப்பால் இடமாற்றம் செய்யப்பட்டு, போராட்டத்துக்குப் பின்னரே திரும்ப அமர்த்தப்பட்டார்.

விளையாட்டைப் பற்றி ஒரு சொல். ‘பிள்ளைகள் ஓடியாடுவதில்லை’ என்பது மருத்துவர்களின் வழக்கமான குறை. ஓடியாடும் திடல் ஊர்த் தெருவில் இருந்து, அங்கே போனால் அடி விழும் என்றால் சேரிப் பையன் எங்கே ஓடுவான்? பூப்பெய்திய பெண்ணுக்கு எந்தத் தெருவிலும் திடல் இல்லை.

பொட்டலமும் சட்டமும்

5 ரூபாய், 10 ரூபாய்ப் பொட்டலங்கள் சேரியின் பெட்டிக்கடையையும் நன்கு அறியும். விலை ஏறாமல் உள்ளிருக்கும் கிராம் குறைந்துகொண்டே போவதை வாங்கும் பிள்ளையே அறிவான். ஒரு முட்டையின் விலைக்குள் கிடைக்கும் உப்பும் எண்ணெயும் மாவும் அது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் வெளியிட்ட விதிகள், கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவுகளைப் பள்ளி வளாகத்திலும் அதனைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் மாணவர்களுக்கு விற்கக் கூடாது என்கின்றன. சிலி நாடு 2016 முதல் இத்தகைய பொட்டலங்களின் முன்புறத்தில் கறுப்பு எண்கோண எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. எழுத்துக் கூட்டத் தெரியாதவருக்கும் அது புரியும். இந்தியாவில் 2022-இல் முன்வைக்கப்பட்ட வரைவோ எச்சரிக்கைக்கு மாறாக நட்சத்திர மதிப்பெண்ணைப் பரிந்துரைத்தது. கேடான பொருளுக்கும் அரை நட்சத்திரமேனும் கிடைக்கும் ஏற்பாடு அது.

களத்தில் இருப்போருக்கு

பருத்த பிள்ளையைப் பட்டினி போடுவதும் கேலி செய்வதும் தீங்கு. வளரும் வயதில் நோக்கம் எடையைக் குறைப்பதைவிட, உயரம் கூடும்வரை எடையைக் கட்டுக்குள் வைப்பதே. அதுவும் மருத்துவர் மேற்பார்வையில். எடைக் கருவி இல்லாத இடத்தில் ஒரு நூல் போதும். பிள்ளையின் உயரத்துக்கு நூலை அளந்து இரண்டாக மடித்தால், அது இடுப்பைச் சுற்றி வர வேண்டும். சுற்றி வராவிட்டால், பார்க்க மெலிந்திருந்தாலும் வயிற்றில் கொழுப்பு சேர்கிறது என்று ஐயுறலாம். பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்திருப்பதை அழுக்கு என்று தேய்க்கச் சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. தலித் பிள்ளையிடம் அச்சொல் இரட்டை இழிவாகிறது. அது பெரும்பாலும் இன்சுலினுக்கு உடல் இசையாமையின் அடையாளம், சோப்பால் போகாது.

தேசிய சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒருமுறை அரசுப் பள்ளிக்கும் இருமுறை அங்கன்வாடிக்கும் வந்தாக வேண்டும். உங்கள் ஊர்ப் பள்ளிக்கு அக்குழு கடைசியாக எந்தத் தேதியில் வந்தது, எத்தனை பிள்ளைகளின் உயரமும் எடையும் பதியப்பட்டன, எத்தனை பேர் மேற்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டனர், விடுதியின் வாராந்திர உணவுப் பட்டியல் என்ன, கடந்த மூன்று மாதங்களில் வாங்கிய பருப்பும் முட்டையும் எவ்வளவு? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்கக்கூடிய கேள்விகள் இவை. முப்பது நாட்களுக்குள் பதில் தரவேண்டும். வாங்கிய பருப்பின் கிலோவை, விடுதியில் தங்கியிருக்கும் மாணவர் எண்ணிக்கையாலும் நாட்களாலும் வகுத்துப் பாருங்கள்.